பதினேழாம் நம்பர்

அலுவலக மெயில்களையெல்லாம் புது சர்வருக்கு மாற்றும் வேலை கம்ப்யூட்டர்காரர் தலையில் விழுந்தது. கணக்குகளின் பட்டியலை மேனேஜரிடம் நீட்டினார். அதில் பெயர்கள் இல்லை, நம்பர்கள் மட்டுமே.

"இந்தப் பதினேழாம் நம்பர் நாலு வருஷமா ஒரு தடவைகூட லாகின் பண்ணலையா?"

"இல்ல சார். யாருன்னு பேரைச் சொல்லிடட்டுமா?"

"பேரைச் சொன்னா சிபாரிசு வந்து நிக்கும். சும்மா சீட்டைத் தேய்க்கிற ஆளுக்குப் புது சர்வர்ல எதுக்குய்யா இடம்? பழசையும் சேர்த்து அழிச்சிடுங்க."

"எதுக்கும் ஒரு தடவை பேரைப் பாத்துடுங்களேன் சார்."

"சொன்னதைச் செய்யுங்க."

"அப்ப ஒரு கையெழுத்து மட்டும்..."

மேனேஜர் கிறுக்கித் தள்ளினார். கம்ப்யூட்டர்காரர் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் மெயில் ஜம்மென்று திறந்தது. மேனேஜர் மேஜை மட்டும் வெறிச்சென்று கிடந்தது.

"தினமும் என் மெயிலையெல்லாம் பிரிண்ட் எடுத்து வைப்பியேம்மா, இன்னிக்கு எங்கே?" என்று செக்ரட்டரியைக் கேட்டார்.

"என் லாகின்லேருந்துதான் சார் உங்க மெயிலைப் பாத்து எடுப்பேன்," என்றாள் அவள். "காலையிலேருந்து உங்க பதினேழாம் நம்பரையே காணோம்."

மேனேஜர் மெல்ல வாசல் பக்கம் திரும்பினார். அங்கே நின்ற கம்ப்யூட்டர்காரரின் கை, தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.