பெயர் கேட்கும் பாடம்

ஊசி போட யார் வேண்டுமானாலும் கற்றுத்தரலாம். மாடு பிழைக்காது என்பதை வளர்த்தவரிடம் எப்படிச் சொல்வது என்று கற்றுத்தர கால்நடை மருத்துவக் கல்லூரியில் இந்து மேடத்தை விட்டால் ஆளில்லை. உதவிப் பேராசிரியராகப் புதிதாகச் சேர்ந்த சதீஷ் அதைப் பார்க்கத்தான் சித்திரபுரம் வந்திருந்தான்.

பழைய தேயிலை எஸ்டேட் கொட்டகையில் வகுப்பு. மாடு கிடையாது. தூணில் கட்டிய கயிறு மட்டும் கழுத்து வளையத்தோடு தரையில் கிடந்தது. மாட்டுக்காரியாக நடிக்க, கொழுந்தெடுக்கும் புஷ்பமேரி வந்திருந்தார்.

மாணவன் ஜின்சன் எடுத்த எடுப்பில் நோயின் பெயரைச் சொன்னான்.

"நோய் இருக்கட்டும். முதல்ல மாட்டோட பேரைக் கேளுங்க," என்ற மேடம், தானே கேட்டுக் காட்டினார்.

"செவலைன்னு கூப்புடுவோம் டாக்டரம்மா," என்றார் புஷ்பமேரி.

தரையில் கிடந்த வளையம் எழுந்து மார்பு உயரத்தில் நின்றது.

சதீஷ் ஓரடி பின்வாங்கினான். மேடத்தின் குரல் இம்மியும் பிசகவில்லை.

"செவலை பிழைக்காதும்மா. வலியில்லாம அனுப்பிடலாம். கூட நிக்கிறீங்களா?"

புஷ்பமேரி தலையாட்டினார். வளையம் மெல்லத் தாழ்ந்து தரையில் படுத்தது. மேடம் மண்டியிட்டு, கழுத்தில் உறுத்திவிடாதபடி உள்ளே விரலை விட்டு முடிச்சைத் தளர்த்தினார். இந்தக் கை தனக்கு எந்தக் காலத்தில் வாய்க்குமோ என்றிருந்தது சதீஷுக்கு.

"இப்ப நீங்க சொல்லுங்க, ஜின்சன்."

அவன் புஷ்பமேரியின் பக்கம் திரும்பினான். "அம்மா, பேரு என்னம்மா?"

"நேத்துதான் பொறந்துச்சு, இன்னும் பேரு வைக்கல சார்."

வளையம் அவன் முழங்காலுக்குச் சற்று மேலே எழுந்து, நிலைகொள்ளாமல் ஆடியபடி நின்றது.