நாற்பதாவது கையெழுத்து

"எல்லார் வாயிலயும் மண்ணைப் போடாதீங்கலா, தாயம்மாக்கா!"

மங்கம்மா போட்ட சத்தத்தில் ரப்பர்த் தோட்டத்து மண்டபமே திரும்பிப் பார்த்தது.

முப்பத்தொன்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தாயம்மா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

போர்டிக்சன் ரோட்டில், தோட்டத்தை ஒட்டி அணுமின் நிலையம் கட்டப் போகிறார்களாம். நாற்பது வீடும் சம்மதித்தால், குடியிருக்கும் லயத்து வீட்டை அவரவர் பெயருக்கே கிராண்ட் போட்டுத் தருவார்களாம். முப்பது வருஷமாகக் கேட்டும் கிடைக்காத பட்டா.

கம்பெனி அதிகாரி ராமகிருஷ்ணன் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, நிலக்கரி விலை ஏறிக்கிட்டே போகுது. சோலார் ராத்திரியில வேலை செய்யாது. இது கட்டத்தான் செலவு. அப்புறம் அறுபது வருஷத்துக்கு மலிவா கரண்ட்."

"கட்டுற செலவு யார் தலையில?"

"கரண்ட் பில்லுல கொஞ்சம் கொஞ்சமா வரும்."

"அப்புறம் என்ன மலிவு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"எரிச்ச குப்பையை எங்க கொட்டுவீங்க?"

"அதெல்லாம் நிபுணர்கள் பாத்துக்குவாங்க. ஒரு ஆபத்தும் இல்லம்மா."

"ஆபத்து இல்லாததுக்கு என் கையெழுத்து எதுக்கு? போன வருஷம் சோலார்காரன் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தான். யார்கிட்டயும் கையெழுத்துக் கேக்கலையே!"

"பெரிய மினிஸ்டர் இவங்க!" மங்கம்மா எழுந்தே விட்டாள். "உங்களுக்குப் புள்ளை குட்டி இல்ல. எனக்கு ரெண்டு பேரப்புள்ளைங்க. அதுங்க நடுத்தெருவுல நிக்கணுமா?"

"அதுங்களுக்காகவும்தான் கேக்கறேன்."

"ஒண்ணும் கேக்க வேணாம். போடுங்க கையெழுத்த!"

சண்டை முற்றுவதைப் பார்த்த ராமகிருஷ்ணன் கையைக் காட்டினார். பெட்டி பெட்டியாகப் பால் பாக்கெட் வந்தது. எல்லார் கையிலும் ஒன்று.

"குடிங்க, குடிங்க. நிலையம் வந்ததும் மாசாமாசம் வீட்டுக்கு ரெண்டு டின் பால்மாவு, கம்பெனி செலவுல. உடம்புக்கு நல்லது."

கைதட்டல் எழுந்தது. மங்கம்மா ஸ்ட்ராவைக் குத்தி உறிஞ்சினாள்.

தாயம்மா தன் பாக்கெட்டைப் பிரிக்காமல் அவளிடம் கேட்டாள்.

"மங்கம்மா, இருபது வருஷம் ஒண்ணா வேலை செஞ்சோம். தோட்டத்துல நமக்கு எப்ப பால் கொடுத்தாங்க?"

மங்கம்மா உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

பாக்கெட்டை மேசையில் வைத்தாள். ராமகிருஷ்ணன் தடுப்பதற்குள் பேனாவை எடுத்து, சம்மதப் படிவத்தில் தன் கையெழுத்தின் மேல் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள்.

"என்னம்மா இது? பால்தானே கொடுத்தோம்?"

"ஆமா சார். களைக்கொல்லி அடிக்கப் போற அன்னிக்கு மட்டும்தான் எங்களுக்குப் பால் கொடுப்பாங்க. விஷம் ஏறாதுன்னு சொல்லி."