கீழே தொங்கிய கிளை

“கிளை ஏன் கீழே தொங்குது?”

ஓவியர்கள் கூட்டத்தில், கம்யூனிஸ்ட் கட்சிக் கமிட்டித் தலைவர் சியாங் சுவரில் மாட்டிய ஓவியத்தைக் குச்சியால் தட்டினார்.

வெறும் கறுப்பு மையில் பிளம் பூக்கள். கிளைகள் எல்லாம் தரையைப் பார்த்து இறங்கியிருந்தன. வரைந்த லூ ஷிஹெங் அதன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார்.

“நாடே நிமிர்ந்து நடக்குது. உங்க மரத்துக்கு மட்டும் என்ன கேடு? செவப்புச் சாயம்கூடவா கிடைக்கல? இதுல என்ன சொல்ல வர்றீங்க, தோழர்?”

லூவின் மனைவி சூஜன் பின்வரிசையிலிருந்து கணவரையே பார்த்தாள். போன மாதம் இப்படித்தான் ஒரு சேவல் படத்தைக் காட்டி அர்த்தம் கேட்டார்கள். வரைந்தவரைப் பன்றிப் பண்ணைக்கு அனுப்பினார்கள். மனுஷன் இன்னும் திரும்பவில்லை.

அப்போதுதான் ஃபாங் துவோ எழுந்தார். லூவோடு ஒரே குருவிடம் படித்தவர். சூஜனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அர்த்தமா? இவருக்கா? நீங்க வேற, தோழர்!” என்றார் ஃபாங். “மேல்நோக்கிக் கோடு இழுக்க மணிக்கட்டுல பலம் வேணும். இவருக்கு ஏது? கை தன்னால சரிஞ்சிருக்கு. செவப்பைக் குடுத்தா பூவெல்லாம் தக்காளியாயிடும். அந்த பயத்துலதான் தொடவே இல்ல!”

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அங்கிருந்த ஓவியர்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லூவின் காது சிவந்தது. கடைசியில் தலைவரும் சிரித்துவிட்டார்.

“வரையவே தெரியாத ஆளை விசாரிச்சு என்ன பண்ண? ஃபாங், நீங்களே கத்துக் குடுங்க. பூ செவப்பா இருக்கணும், கிளை நிமிர்ந்து நிக்கணும்.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சூஜன் பொருமினாள்.

“எத்தனை நாள் நம்ம வீட்டு நூடுல்ஸைத் தின்னிருப்பான், நன்றி கெட்டவன்! அவன் ஒருத்தன்னாலும் பரவாயில்ல. உங்ககூட வேலை செய்யற அத்தனை பேருமா பல்லைக் காட்டுவாங்க? ஒருத்தருக்குக்கூடவா உங்க கையோட அருமை தெரியல?”

லூ நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வரையத் தெரியாதவன்னு ஆனதாலதான் இப்ப உன்கூட வீட்டுக்கு நடக்கறேன். நீ மில்லுல நூல் சுத்தறவ, உனக்குத் தெரிய நியாயமில்ல. கீழ இறங்கற கிளைதான், சூஜன், போடறதுக்கே கஷ்டம். அங்க சிரிச்ச அத்தனை பேருக்கும் அது தெரியும்.”