முதல் வார்த்தைக் கேசரி

சிதம்பரத்தில் ஆட்டிசப் பிள்ளைகளுக்குப் பொடி கொடுக்கும் வைத்தியர் ஜெயப்பிரகாஷிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை முதல் வார்த்தை பேசினால் தாய் கேசரி கிண்டி எடுத்து வரவேண்டும். காத்திருக்கும் பெற்றோர் பார்க்க அவர் அதைச் சாப்பிடுவார்.

செம்மண்டலத்திலிருந்து எழிலரசி டிபன் பாக்ஸோடு வந்தாள்.

"பையன் பேசிட்டானா?" என்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"இல்லைங்க. கிட்னி கெட்டு ஆஸ்பத்திரியில கெடக்கான். மிச்சமிருந்த உங்க பொடியை இதுலதான் கலந்தேன். பச்சப்புள்ளைக்கே குடுக்கலாம்னீங்களே, சாப்பிடுங்க."

அவர் தொண்டைக்குள் விரலை விட்டார். "அடிப்பாவி! அதுல பாதரசம் இருக்குடி! யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

பெற்றோர் அத்தனை பேரும் எழுந்து அவரைச் சூழ்ந்தார்கள்.

"வெறும் ரவையும் சர்க்கரையும்தான்" என்று சொல்லி, மீதிக் கேசரியை எழிலரசி நிதானமாகத் தின்றாள்.