புழுதி அடங்கிய செவ்வாய்

செவ்வாய்க் கிரகத்தில் புழுதிப்புயல் கிளம்பித் தொடர்பு அறுந்த பிறகும், ஆசிரியை எமல்டாவுக்கு அங்கே வேலைசெய்யும் கணவன் ஜெரால்டின் குரல்செய்தி தினமும் வந்தது. குடும்பத்தார் கலங்கக்கூடாதென்று, அங்கே சுரங்கம் நடத்தும் நிறுவனமே இயந்திரத்தை அவன் குரலில் பேசவைத்தது. புழுதி அடங்கினால் தொடர்பு மீண்டு அவனே பேசுவான்; ஆனால் எது இயந்திரம், எது ஆள் என்று மட்டும் நிறுவனம் சொல்லாது. எமல்டா பதில் அனுப்புவதையே நிறுத்திவிட்டாள்.

நேற்று அந்தக் குரல், "புழுதி அடங்கிடுச்சு எமல்டா. இது நான்தான், நம்பு" என்றது.

இன்று மாலை பள்ளி மொட்டைமாடியில் மாணவிகளுக்குத் தொலைநோக்கியில் செவ்வாயைக் காட்டினாள். புயல் ஓயாதிருந்தால் தரையின் கறுப்புத் திட்டுகள் மறைந்து வெறும் ஆரஞ்சு வட்டம்தான் தெரியும். முதலில் தானே பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"என்னம்மா தெரியுது?" என்று மாணவி சஃப்ரினாவிடம் கேட்டாள்.

"நடுவுல கறுப்பா ஒரு திட்டு, டீச்சர்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பளிச்சுன்னு தெரியுது டீச்சர். நீங்களே பாருங்க!"

பார்த்தாள். புழுதி விலகித் தரை தெரிந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாணவிகள் பதறிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒண்ணுமில்லடி" என்று சிரித்துக்கொண்டே செல்பேசியை எடுத்து, பல வாரங்களுக்குப் பிறகு அவனுக்குப் பதில் பேசினாள்:

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"