கூச்சப்படாமல் சொல்லுங்கள்

அவருக்குக் கண் இரண்டும் எரிந்தன. பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்து, தன் தொழிலைப் பற்றிய வலைப்பூவுக்குப் பத்தாம் ஆண்டுப் பதிவு எழுதிக்கொண்டிருந்தார். 'பத்து வருடம் ஓடிவிட்டது. குறை இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்' என்று முடித்து, வெளியிட்டார்.

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, இந்தக் குழாய் மூணு மாசமா ஒழுகுது."

"ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்மா. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"எத்தனை ஞாயித்துக்கிழமை? நான் ஆளுக்குச் சொல்லிட்டேன். இதோ, வந்துட்டார்."

வந்தவர் மளமளவென்று வேலையை முடித்தார்.

"நல்லாப் பண்றீங்களே அண்ணே, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று அவள் கேட்பது அறைக்குள் கேட்டது.

"எல்லாம் போனைப் பார்த்துதாம்மா. பிளம்பர் ஒருத்தர் பத்து வருஷமா வலைப்பூ எழுதறார். ஒவ்வொண்ணையும் புட்டுப் புட்டு வைப்பார். ஒழுகற குழாயை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாதும்பார். இப்பக்கூடப் பாருங்க, குறை இருந்தா சொல்லச் சொல்லியிருக்கார். அந்த மனுஷன்கிட்ட என்னத்தைக் குறை சொல்ல?"

வந்தவரை அனுப்பிவிட்டு, அவள் அறை வாசலில் வந்து நின்றாள். அவர் மடிக்கணினியை மெல்ல மூடப் போனார்.

"மூடாதீங்க," என்றாள். "எந்த இடத்துல எழுதணும், காட்டுங்க."