கீரிப் பள்ளியின் பாம்புப் பாடம்

பாம்புப் புற்றுக்குச் சுற்றுலா போவது ஆபத்து என்று, கீரிப் பள்ளி டீச்சர் செல்போனிலேயே பாம்பைக் காட்டினார். தேர்வில் செம்பி என்ற கீரிக்குட்டிதான் முதல் மதிப்பெண்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில், நிஜமான குட்டிப் பாம்பு ஒன்று செம்பியின் எதிரே படமெடுத்தது. செம்பி பாயவில்லை. பாம்பும் கொத்தவில்லை.

"நீங்க கீரியா?" என்று பாம்பு நடுங்கியபடி கேட்டது.

"ஆமா. நீங்க பாம்பா?"

"ஆமா. எங்க பள்ளியில உங்களை செல்போன்லதான் காட்டினாங்க. விரல் நீளம்தான் இருந்தீங்க."

"நீங்களும்தான். இப்ப யார் முதல்ல பாயணும்?"

"பாடத்துல அந்த இடம் வர்றதுக்குள்ள செல்போன்ல சார்ஜ் தீர்ந்துடுச்சு."

இரண்டும் மரியாதையாகப் பின்வாங்கின.

செம்பி பள்ளிக்கு ஓடி, "டீச்சர், நிஜப் பாம்பைப் பார்த்தேன்!" என்றது.

டீச்சர் எழுந்து வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்தார்.

"மெதுவாச் சொல்லு. எவ்வளவு பெரிசு?"